திருத்தங்கலுக்கு ஒரு ஷட்டர்

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் கேமராவுக்குள் எண்ணெய் விட்டேன். விட்டதை அவரிடம் சொல்லவில்லை. அதனால் அவருடைய தொழில் போயிற்று. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியெல்லாம் அதைச் சரிசெய்யப் போன வழியில் நான் பட்ட எரிச்சல்.

அப்போது நான் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். கனகராஜ் அண்ணாச்சி திருத்தங்கலில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் ஜப்பான் கேமரா ஒன்று இருந்தது. மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ். பள்ளி விளையாட்டு விழாவுக்காக அதை இரவல் வாங்கினேன். அந்த வகைக் கேமராவில் ஷட்டர் லென்ஸின் நடுவிலேயே இருக்கும். ஐந்து எஃகு இலைகள், சவர பிளேடைவிட மெல்லியவை, பொத்தானை அழுத்தினால் விரிந்து மூடும். ஒரு நொடி வேகத்தில் வைத்தபோது அது மூடாமல் இழுத்தது.

எங்களுடையது எண்ணெய்க் கடைக் குடும்பம். வீட்டில் எது முரண்டு பிடித்தாலும் எண்ணெய்தான் மருந்து. கடைத் தராசுக்கு விடுகிற மெஷின் எண்ணெயை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு ஒரு சொட்டு உள்ளே விட்டேன். ஷட்டர் அருமையாக ஓடியது. பெருமையோடு துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த இலைகள் காய்ந்து இருந்தால்தான் வேலை செய்யும் என்பது எனக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் எண்ணெய் இளகிப் பரவி இலைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிட்டது. அடுத்த வாரம் அண்ணாச்சிக்குப் பெரிய காலண்டர் வேலை: கையில் மத்தாப்போடு மூன்று வயதுப் பெண் குழந்தை. பம்பாய்க்குப் போய்க் கழுவி வந்த கலர் பிலிமில் குழந்தையைக் காணோம். ஷட்டர் நேரத்துக்கு மூடாமல் வெளிச்சம் அளவுக்கு மீறி விழுந்து எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அதன்பின் எந்த அச்சகமும் அவரைக் கூப்பிடவில்லை. ஷட்டரைப் பிரித்துப் பார்த்தாராம், உள்ளே எண்ணெய் இருந்ததாம் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜாம்பியாவில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துப் போய்விட்டேன்.

இப்போது எழுபத்து நான்கு வயதில் யோகோஹாமாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். சென்ற ஆண்டு அவளோடு ஒரு பழைய கேமராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர். மேசையில் ஒரு தட்டு நிறைய ஓடாத ஷட்டர்கள். ஒன்றை எடுத்துக் காட்டி ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள்: "யாரோ இதுல எண்ணெய் விட்டிருக்காங்களாம். விட்டதைச் சொல்லாமலே இவர்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்களாம்." அவளுக்கு அது ஒரு கடைக்காரரின் புலம்பல். நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அதே வகை ஷட்டர் ஒன்று, சுத்தமாக ஓடுவது, அண்ணாச்சிக்கென்று வாங்கினேன். அதை அவர் மூன்று தாளில் சுற்றிக் கொடுத்தார். கையால் ஒரு சைகை காட்டினார். அதில் பக்கவாட்டுச் சின்ன நெம்புகோல் ஒன்று உண்டு. டைமர் என்பார்கள், அதைத் தள்ளினால் சில நொடி கழித்துப் படம் எடுக்கும். பழைய ஷட்டரில் அதைத் தொட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். தொடாதே என்றார்.

மதுரையில் இறங்கினேன். யோகோஹாமாவில் ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நான் அமர்த்திய டாக்சிக்காரர் விருதுநகர் போவதாகச் சொல்லிவிட்டுக் காரியாபட்டிக்குப் போனார்.

"ஏன் தம்பி, இது அந்த ரோடு இல்லையே?"

"தெரியும் சார். மச்சானுக்கு ஒரு மோட்டார் இறக்கணும். அஞ்சே நிமிசம்."

டிக்கியைத் திறந்து தண்ணீர் மோட்டார் ஒன்றை இறக்கினார்கள். ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடம் ஆயிற்று. எனக்கு ஒரு சொம்பு மோர் வந்தது. அது நல்ல மோர், அதைக் குறை சொல்ல மாட்டேன். மோரைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் மச்சான் முன் சீட்டிலிருந்த என் பையைத் திறந்து, மூன்று தாளையும் பிரித்து, ஷட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார் இது, டைமரா? சிவகாசிப் பக்கம் போறீக, டைமரோட போறீக!"

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அவர் அதற்குள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டார். கிர்ர்ர் என்று ஒரு சத்தம், பாதியில் நின்றது. நெம்புகோல் அங்கேயே உறைந்தது. இலைகள் மூடிக்கொண்டன. பொத்தான் அழுந்தவில்லை.

"நின்னு போச்சே," என்றார் மச்சான். முகத்தில் வருத்தமே இல்லை. "ஒரு சொட்டு தேங்கா எண்ணெ விட்டா ஓடிரும் சார். உள்ள போயி எடுத்தாரவா?"

அந்த நேரத்தில் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்லக்கூடியவை அல்ல.

விருதுநகர் லாட்ஜில் மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றியது. குறைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "குறைச்சா நின்னுரும் சார், எப்படி வசதி?" என்றார் மேனேஜர். என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு அவரும் எண்ணெய் என்றார். சாப்பிடப் போனேன். டாக்டர் வேண்டாம் என்ற எண்ணெய்ப் பரோட்டா, மொறுமொறுவென்று, சால்னாவில் நொறுக்கிப் போட்டு நான்கு தின்றேன். இந்த ஊரில் எண்ணெய் இல்லாமல் எதுவும் நகராது என்று நம்புகிறவர்களைத் திட்டிக்கொண்டே தின்றேன். அந்த நம்பிக்கையில் பிறந்தவன்தானே நானும்.

மறுநாள் காலை திருத்தங்கலுக்குப் பஸ் ஏறினேன். திருத்தங்கல் வந்தது, பஸ் நிற்கவில்லை.

"இது அங்கன நிக்காது. போர்டைப் பாக்கலையா?" என்றார் கண்டக்டர்.

"டிக்கெட் கேக்கும்போது திருத்தங்கல்னுதானே சொன்னேன்?"

"சொன்னீக. சிவகாசிக்குத்தான டிக்கெட் குடுத்தேன்? அங்க இறங்கி வேற பஸ்ஸுல திரும்பி வாங்க. இதே தூரந்தான்."

எதற்கு இதே தூரம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிவகாசியில் இறங்கினேன். தீபாவளி சீசன், பஸ் ஸ்டாண்டு முழுக்க அட்டைப் பெட்டியும் வியர்வையும் சண்டையும். இரண்டு பஸ் விட்டு மூன்றாவதில் தொங்கிக்கொண்டு திருத்தங்கல் வந்து சேர்ந்தேன்.

டீக்கடையில் விசாரித்தேன். "போட்டோக்கார கனகராஜா? அப்படி யாரும் இல்லையே," என்றார் கடைக்காரர். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "நம்ம கட்டிங் மெசின் கனகராஜைக் கேக்காக," என்றார். லேபிள் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் முப்பது வருடம் நின்றாராம் அண்ணாச்சி. அவர் ஒருகாலத்தில் போட்டோ எடுத்தவர் என்பது அந்தத் தெருவுக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்தது ராஜம்மாள் மதினி, அண்ணாச்சியின் மனைவி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எண்ணெக்கடை சாமுவேல் தம்பியா? ஏங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க! தம்பி, சாப்பிட்டீகளா?" அண்ணாச்சி கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். இளைத்திருந்தார். என் தோளில் ஒரு அடி வைத்தார். "ஏலே வாத்தியாரே, நீ செத்துப் போயிட்டேன்னுல்லலே நெனச்சேன்!"

மொச்சைக் குழம்பும் கருவாடும் போட்டார்கள். தின்றுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். தின்ற பிறகு டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாற்பத்தைந்து வருடம் இப்படித்தான் போனது. அதனால் டீ வரும் முன்பே தாளைப் பிரித்து ஷட்டரை அவர் முன் வைத்தேன்.

அண்ணாச்சி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "டைமர் சிக்கியிருக்கு," என்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்க கேமராவுல எண்ணெய் விட்டது நான்தான். விளையாட்டு விழாவுக்கு வாங்கிட்டுப் போனேனே, அப்ப. ஒரு சொட்டு. தெரிஞ்சும் உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார், அழுவார் என்று பல விதமாக விமானத்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்படி வாசலைப் பார்த்தார். உள்ளே கேஸ் அடுப்பு அணைகிற சத்தம். மதினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

சொன்னேன்.

"கேட்டீகளா?" என்றார் அண்ணாச்சியிடம். டீ போட உள்ளே போய்விட்டார்.

பிறகு அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதுதான் எனக்குத் தெரியாத மீதி. மதினி அப்போது வீட்டில் கை மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கேமரா அலமாரிக்குப் பக்கத்து ஜன்னலில் மெஷின் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. இலைகளில் எண்ணெயைப் பார்த்ததும் அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். "நான் இல்லை, நான் தொடவே இல்லை" என்று மதினி சத்தியம் செய்திருக்கிறார். ஒரு வருடம் அண்ணாச்சி மனைவியோடு பேசவில்லை. இனி இந்த வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலே இருக்கக் கூடாது என்று தையல் மெஷினைத் தூக்கித் தாயில்பட்டியில் இருக்கும் தன் தங்கச்சி பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டார். காலண்டருக்கு உட்கார்ந்தது பேச்சியம்மாளின் மகள். அதனால் அந்தம்மா விட்ட இடமில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே கூடினாலும், "எம்மக படம் வீட்டுக்கு வீடு தொங்கியிருக்கும், எங்க மதினி எண்ணெய ஊத்திக் கெடுத்தா," என்று சொல்லி வந்திருக்கிறார்.

"என் மேல சந்தேகமே வரலையா அண்ணாச்சி? கேமரா கடைசியா என்கிட்டத்தானே இருந்துச்சு?"

"நீ எம்எஸ்சி படிச்சவன்லே," என்றார். "படிச்சவன் எண்ணெ விடுவான்னு எப்படிலே நெனப்பேன்? அவ அஞ்சாப்பு." அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீ எனக்குப் பண்ணுனது கெடக்கட்டும். நான் இவளுக்குப் பண்ணுனதை என்னலே செய்ய?" என்றார்.

நான் செய்த பாவம் யார் தலையில் இறங்கியது என்று தெரியாமலேயே நாற்பத்தைந்து வருடம் தப்பான ஆளுக்காக வருந்தியிருக்கிறேன்.

டீயைக் கொண்டுவந்து வைத்த மதினி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நாளைக்கு ஊருக்குப் போறீகளா, இருக்கீகளா?" இருக்கிறேன் என்றேன். "அப்ப காலையில வாங்க. தாயில்பட்டிக்குப் போவோம். இதை பேச்சிகிட்டச் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

மூன்றாம் நாள், தாயில்பட்டி. அண்ணாச்சி வரவில்லை. நானும் மதினியும் சிவகாசி போய் இன்னொரு பஸ் பிடித்தோம். என் மடியில் யாரோ ஒருவரின் பால் கேன், காலடியில் ஒரு சேவல். வழி நெடுக வேப்பமரத்தடியில் பட்டாசுக் கம்பெனிகள். கேட்டுக்குக் கேட்டு செல்போன் கொண்டுவராதே என்று போர்டு. பஸ்ஸுக்குள் அத்தனை பேரும் செல்போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது மதினி சொன்னார்: "சத்தமாச் சொல்லுங்க. அவளுக்குக் காது மந்தம்."

பேச்சியம்மாள் வீட்டில் டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. டிவி எதன் மேல் இருந்தது என்று மதினி பார்த்தார். நானும் பார்த்தேன். பூப்போட்ட துணி போர்த்திய மரப்பெட்டி. தையல் மெஷினின் மூடி.

நான் நின்றபடியே சத்தமாகச் சொன்னேன். டிவி சத்தத்தில் அந்தம்மாவுக்குக் கேட்கவில்லை. டிவியை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மதினி அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "தம்பி, இவுகளுக்கும்," என்றார். ஆக மூன்று முறை. வகுப்பில்கூட ஒரே பாடத்தை மூன்று முறை நடத்தியதில்லை நான்.

பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு ஊத்துனா என்ன? எம்மக படம் வரலைல்ல?"

"வரலை," என்றேன்.

"வாத்தியாரு வேற. நல்லாப் படிப்புச் சொல்லிக் குடுத்திருப்பீக."

வாசலில் ஒரு பெண் சிரித்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

"பேச்சி, என் மெசினக் குடு," என்றார் மதினி.

"எந்த மெசினு?"

"டிவிக்குக் கீழ இருக்கே, அது."

"என்ன மதினி, இம்புட்டு வருசம் கழிச்சு வந்து! டிவிய எதுல வைக்க?"

"உன் தலையில வையி."

பேச்சியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டிவியை நான் தூக்கினேன். அதில் வயர் ஒன்று சிக்கி அறுந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன். மெஷினைத் துணியில் கட்டினோம். புறப்படும்போது பேச்சியம்மாள் உள்ளே போய் ஒரு காராச்சேவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மதினியின் கையில் திணித்தார். "அண்ணனுக்கு," என்றார். மன்னிப்பு என்ற பேச்சே அங்கே எழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மெஷின் என் மடியில். வேகத்தடைக்கு வேகத்தடை அது என் தொடையை இடித்தது. பதினைந்து கிலோவாவது இருக்கும். பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, கீழ வைக்கலாம்ல?" என்றார். மதினி எனக்கு முன்னால் பதில் சொன்னார்: "அவுக மடியிலயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கூடத்து மேசையில் மெஷினை வைத்தோம். மேசையின் மறுமுனையில் அண்ணாச்சி பேப்பர் விரித்து ஷட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். எத்தனையோ வருடம் துணி சுற்றி வைத்திருந்த பழைய கேமராவும் பீரோவிலிருந்து வெளியே வந்திருந்தது. மருந்து வைக்காத வெறும் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, பெட்ரோலில் தொட்டு, சிக்கிய நெம்புகோலின் பற்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

மதினி கைப்பிடியைச் சுற்றினார். அசையவில்லை. துரு.

"தம்பி, முக்குக் கடையில மெசின் எண்ணெ இருக்கும். ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

உச்சி வெயிலில் நான் போனேன். முக்குக் கடையில் இல்லை. அடுத்த கடையை மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்தார்கள். மூன்றாவது கடைக்காரர் சைக்கிளுக்கா, தையலுக்கா, எதற்கு என்று கேட்டுக் குடைந்துவிட்டு ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார். உலகத்தில் நான் வாங்கவே கூடாது என்று நினைத்த பொருள் அது. கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன்.

மதினி மூடியைத் திறந்து, மெஷினின் துளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். நாற்பத்தைந்து வருடம் ஆகியும் எந்தத் துளையும் அவருக்கு மறக்கவில்லை. கடைசித் துளைக்கு வந்ததும் கையை நிறுத்தினார். அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அதைத் தள்ளி வைங்க. தெறிச்சா அப்புறம் என்னையச் சொல்வீக."

அண்ணாச்சி எழுந்தார். பேப்பரின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு திருகாணிகூடச் சிந்தாமல், ஷட்டரை உள் அறைக்குக் கொண்டு போனார். அந்த அறையிலிருந்து அவர் வெளியே வரவில்லை. போய்வருகிறேன் அண்ணாச்சி என்று வாசலில் நின்று சொன்னேன். பஸ் நிற்குமிடம் வரைக்கும் மதினிதான் வந்தார். "இங்கன நிக்கிற பஸ்ஸாப் பாத்து ஏறுங்க," என்றார்.

யோகோஹாமாவுக்குத் திரும்பி நான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறேன். மதினிதான் எடுப்பார். கண் மங்கிவிட்டதால் ரவிக்கை தைக்க முடியவில்லையாம். தலையணை உறை தைக்கிறாராம். பேச்சியம்மாள் ஒரு கல்யாண வீட்டில் அதே கதையை என் பெயரை வைத்துச் சொன்னாராம். அதை மதினி ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

அண்ணாச்சி போனை வாங்குவதில்லை. "இங்கனதான் இருக்காக. உங்ககிட்டப் பேச மாட்டாகளாம்," என்பார் மதினி. நான் வற்புறுத்துவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதினி தண்ணீர் லாரி வந்ததென்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காதில் வைத்தபடியே காத்திருந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ மேசைக்கு அருகே வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி?" என்றேன். பிறகு போனுக்கு வெகு அருகில் ஷட்டர் திறந்தது. உள்ளே பற்சக்கரம் ஓடும் மெல்லிய கிர்ர். அப்புறம் டக்கென்று மூடியது.

ஒரு நொடி. இழுக்காமல், சரியாக ஒரு நொடி.